கெட்டிமேளம் வந்தால் ஓட வேண்டும்

கல்யாண வீட்டில் கெட்டிமேளம் முழங்கும்போது எல்லோரும் அட்சதையைத் தூவுவார்கள். எனக்குக் கால் பரபரக்கும். எழுந்து ஓடிவிடத் தோன்றும். என் கல்யாணத்திலேயே தாலி ஏறுகிற நேரத்தில் மணையில் உட்கார்ந்தபடி முழங்காலை ஆட்டிக்கொண்டிருந்தேன். பெண்ணுக்கு இஷ்டமில்லையோ என்று பக்கத்தில் இருந்த மாப்பிள்ளை பயந்தே போய்விட்டார். எல்லாவற்றுக்கும் காரணம் என் அம்மா. மூன்றாம் வகுப்பில் எனக்கு பி.டி. மிஸ் அவர்தான்.

நாங்கள் திருநெல்வேலிக்காரர்கள். செகந்திராபாத் மாரெட்பள்ளியில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். அப்பாவுக்கு நாச்சாரத்தில் ஒரு ஃபேக்டரியில் வேலை. தகரத் தகட்டை மெஷினுக்கு அடியில் வைத்தால் மேலேயிருந்து இரும்பு இறங்கி, ஒரே அடியில் டப்பா மூடியாக வெட்டிக் கொடுக்கும். அந்த மெஷின் அப்பாவுக்குச் சொந்தம் என்றே நான் நினைத்திருந்தேன். அப்பாவின் இடது சுண்டுவிரல் பாதியிலேயே முடிந்துவிடும். அதைப் பிடித்துக்கொண்டுதான் ரோடு தாண்டுவேன். என் கைக்கு அது சரியான அளவாக இருந்தது. அப்பாக்களின் கையில் பிள்ளைகள் பிடித்துக்கொள்வதற்கென்றே ஒரு குட்டி விரல் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் தசரா முடிந்து ஃபேக்டரியை மூடிவிட்டார்கள். என்னிடம் 'லீவு' என்றார்கள். எங்களுக்கெல்லாம் தசரா லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்தாயிற்று, அப்பாவுக்கு மட்டும் லீவு தீரவே இல்லை. எனக்கு வயிறு எரிந்தது. இவ்வளவு லீவு கிடைத்தும் மனிதர் எங்கேயும் போகாமல், யாரோடும் பேசாமல், ஜன்னலோரம் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறாரே என்று ஆச்சரியமாகவும் இருந்தது.

அந்த நேரம் பார்த்து எங்கள் பள்ளிக்கூடத்து பி.டி. மிஸ் பிரசவத்துக்குப் போனார். பாளையங்கோட்டையில் காலேஜுக்காக கோகோ ஆடிய தைரியத்தில் அம்மா போய்க் கேட்டார், கிடைத்துவிட்டது. ஆனால் அது வருஷக் கடைசி வரைக்கும்தான். கடைசியில் பெற்றோரைக் கூப்பிட்டு ஒவ்வொரு வகுப்பும் ஏதாவது செய்து காட்ட வேண்டும். அது நன்றாக அமைந்தால் ஜூனிலும் வரலாம் என்று பிரின்ஸிபல் மேடம் சொல்லியிருந்தார். வீட்டுக்கு வருகிற ஒரே சம்பளம் அது.

முதல் நாளே கேட்டுக்குள் நுழையும்போது அம்மா என் காதைப் பிடித்தார். "ஏட்டி, இங்க நான் ஒனக்கு அம்ம இல்ல, மிஸ்ஸு. கேட்டியா?"

நான் உடனே "ஹவ் மிஸ்" என்றேன். ஆமாம் என்பதற்கு அந்த ஊர் இந்தி. அதற்கும் ஒரு குட்டு கிடைத்தது.

பள்ளிக்கூடம் என்றால் பெரிதாக எண்ணிக்கொள்ள வேண்டாம். யாரோ குடியிருந்த வீடு. மைதானம் என்பது பின்னால் ஒரு சிமென்ட் முற்றமும் ஒரு பாதாம் மரமும். அம்மாவுக்கு அதைவிடப் பெரிய சங்கடம் தெலுங்கு. நில்லுங்கள் என்று சொல்ல நினைத்து உட்காருங்கள் என்று சொல்வார். பிள்ளைகள் உட்கார்ந்ததும் ஏன் உட்கார்ந்தீர்கள் என்று இந்தியில் கேட்பார். அந்த இந்திக்குப் பிள்ளைகள் தரையில் உருண்டு சிரிப்பார்கள். முதல் வாரம் சாயந்திரமெல்லாம் அம்மா தொண்டை கட்டிப்போய்த்தான் வீட்டுக்கு வந்தார்.

இரண்டாம் வாரம் பேச்சை நிறுத்திவிட்டார். வீட்டிலிருந்த டேப் ரெக்கார்டரையும், அவர்கள் கல்யாணத்தில் பதிவுசெய்த நாதஸ்வர கேசட்டையும் தூக்கிக்கொண்டு வந்தார். இழுத்து இழுத்து நாதஸ்வரம் மட்டும் வந்தால் யானை நடை. தவில் தனியாக வந்தால் ஒற்றைக்காலில் தத்த வேண்டும். கெட்டிமேளம் வந்தால் மரத்தைச் சுற்றி ஓட்டம். பாட்டு நின்றால் சிலை.

"மிஸ், எவரி பெள்ளி?" என்று ஒரு பையன் கேட்டான். யாருக்குக் கல்யாணம் என்று அர்த்தம். அம்மாவுக்கு வெட்கம் வந்துவிட்டது.

பிள்ளைகள் சொக்கிப்போனார்கள். அதிலும் அந்தச் சிலை ஆட்டம்தான் உயிர். அம்மா பாட்டை நிறுத்திவிட்டு எங்களுக்கு நடுவில் நடப்பார். "ஆவோ, ஆவோ" என்று கூப்பிடுவார். "பைட்டோ" என்று உட்காரச் சொல்வார். சாக்லெட் தருகிறேன் என்பார். நம்பி அசைந்தால் அவுட். மிஸ் வாயால் சொல்வதைக் கேட்கவே கூடாது, பாட்டு சொல்வதைத்தான் கேட்க வேண்டும் என்பது சட்டம். தன் தெலுங்கின் லட்சணம் தெரிந்து அம்மா போட்ட சட்டம் அது. அதுவே ஒருநாள் தன் கழுத்தைப் பிடிக்கும் என்று அவர் எங்கே கண்டார்!

பெற்றோர் வருகிற நாளும் வந்தது. அன்று காலையில் அம்மா புடவையை மூன்று தடவை மாற்றினார். வாசலில் நின்று அப்பாவிடம், "நீங்க வந்துதான் ஆவணும்னு இல்ல. வந்தா எனக்கு ஒரு தெம்பா இருக்கும்" என்றார்.

"அங்க வாரவன்லாம் எந்த ஆபீஸுன்னு கேப்பான். நான் என்னன்னு சொல்ல?" என்றார் அப்பா. லீவு என்று சொன்னால் போயிற்று, இதற்கெதற்கு இவ்வளவு யோசனை என்று எனக்குத் தோன்றியது.

எங்கள் வகுப்பின் முறை வந்தது. யானை நடைக்கே கைதட்டல் கிளம்பியது. தத்துவதற்கு இன்னும் பலமாக. பிரின்ஸிபல் மேடம் நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டார். தவில் சூடு பிடித்து, இதோ கெட்டிமேளம் வரப்போகிறது என்று நாங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு தத்துகிறோம். கரண்ட் போய்விட்டது.

பாட்டு நின்றதா, நாங்களும் சிலையாகிவிட்டோம். வகுப்பு மொத்தமும் ஒற்றைக்காலில்.

அம்மா பட்டனைத் தட்டினார். ஒயரைப் பிடுங்கிச் செருகினார். பிறகுதான் உள்ளே வகுப்பறையில் மின்விசிறி நின்றிருப்பதைக் கவனித்தார். எங்கள் பக்கம் வந்து, "போதும் பிள்ளைகளா, உட்காருங்க" என்று மூன்று பாஷையிலும் சொன்னார். யார் அசைவார்கள்? இன்றைக்கு மிஸ் நன்றாக ஏமாற்றுகிறார் என்று நாங்கள் இன்னும் விறைத்தோம். பிரின்ஸிபல் மேடமே எழுந்து "சிட் டவுன், சில்ட்ரன்" என்றார். மேடமும் இதில் கூட்டு என்று நினைத்துக்கொண்டோம். கடைசி வரிசையில் ஒருத்திக்கு அழுகையே வந்துவிட்டது, ஆனாலும் காலைக் கீழே வைக்கவில்லை. பெற்றோர் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். ஒரு அம்மா, பிள்ளைகளை என்ன பண்ணி வைத்திருக்கிறாள் இந்த மிஸ் என்று சத்தமாகவே கேட்டார். அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

நான் கேட்டைப் பார்த்தபடி நின்றிருந்தேன். அதனால் நான்தான் முதலில் பார்த்தேன். கேட்டுக்கு அருகில், யார் கண்ணிலும் படாதபடி சுவரை ஒட்டி அப்பா நின்றிருந்தார். எப்போது வந்தாரோ! அவர் காலடியில் விளையாட்டுச் சாமான் போட்டுவைக்கிற இரும்புப் பெட்டி. அப்பா அம்மாவையே பார்த்தார். பிறகு குனிந்து ஒரு மர டம்பெல்லை எடுத்து, பெட்டியின் மேல் ஓங்கி ஒரு அடி அடித்தார்.

டங்.

கொஞ்சம் இடைவெளி. மறுபடி டங். அடிக்கும் அடிக்கும் நடுவில் அப்பாவின் இடது கை பெட்டியை நோக்கி நீளும், எதையோ வைப்பது போல. டம்பெல் விழுவதற்குள் வெடுக்கென்று பின்னால் வந்துவிடும். டங். நீளும். வெடுக். டங்.

சத்தம் வந்தாயிற்றே! ஒற்றைக்காலில் இருந்தவர்கள் அடிக்கு ஒரு தத்து தத்தினோம். அப்பாவின் கையைப் பார்த்து நாங்களும் கையை நீட்டி வெடுக்கென்று இழுத்தோம். இது புது ஆட்டம், அப்பா வீட்டிலேயே ஒளித்துவைத்திருந்து இன்றைக்கு எடுத்துவிட்டிருக்கிறார் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. முற்றம் முழுக்கக் கைகள் போய்ப் போய் வந்தன. கைதட்டல் அடிக்கு அடி விழுந்தது. அம்மா மட்டும் தட்டவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். சிரிக்கிறார் என்று நினைத்தேன்.

நான் மற்றவர்களைவிட நன்றாகச் செய்ய வேண்டாமா? ஆடிக்கொண்டே அப்பாவுக்கு எதிரில் போய், கையை நன்றாக நீட்டி அவரைப் பார்த்துச் சிரித்தேன். இழுக்க மறந்துவிட்டேன்.

"ஏட்டி, கைய எடு! கைய எடுட்டி!"

அப்பா அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. டம்பெல் அந்தரத்தில் நின்றுவிட்டது. சத்தம் நின்றதால் வகுப்பு மொத்தமும் அப்படியே சிலையாயிற்று. இதைவிட அழகாக முடிக்க முடியாது என்று கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

பிரின்ஸிபல் மேடம் அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "ஜூன்லோ கூட மீரே ரண்டி" என்றார். ஜூனிலும் நீங்களே வாருங்கள் என்ற அந்தத் தெலுங்கு அம்மாவுக்கு ஒரு எழுத்து விடாமல் புரிந்தது. அடுத்த வருஷம் முழுக்கப் பிள்ளைகள், "மிஸ், ஓ அங்கிள்வாலா டான்ஸ்" என்று அந்த அங்கிளின் ஆட்டத்தைக் கேட்டுக் கெஞ்சினார்கள். அம்மா ஒரு நாளும் சம்மதிக்கவில்லை. தன் கேசட்டைவிட அப்பாவின் ஆட்டம் பெயர் வாங்கிவிட்டதே என்று அவருக்குப் பொறாமை, அதுதான் விஷயம் என்று என் தோழிகளிடம் விளக்கினேன்.

அன்றைக்குக் கூட்டம் கலைந்ததும் அப்பா அந்த இரும்புப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். என்னைக் கிட்டே இழுத்து, என் இடது கையை மடியில் வைத்துக்கொண்டு, கட்டை விரலிலிருந்து சுண்டுவிரல் வரை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். பிறகு மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார். எனக்குக் கூசியது. நெளிந்துகொண்டு சிரித்தேன். அடியும் படவில்லை, ஒன்றும் படவில்லை, இவர் எதற்கு இப்படி என் விரலைத் தேடுகிறார் என்று எனக்குப் புரியவில்லை. வழக்கம்போல அந்தப் பாதி விரலைப் பிடித்துக்கொண்டு, வீட்டுக்குப் போகலாம் வாங்க என்று அவரை இழுத்தேன்.