கண் டாக்டரின் கார்

என் அத்தை எந்தக் காரையும் முன்னால் நின்று பார்க்க மாட்டாள். பானெட்டைத் திறக்கச் சொல்ல மாட்டாள், டயரை உதைத்துப் பார்க்க மாட்டாள். நேராகப் போய்ப் பின்கதவைத் திறந்து இடது பக்கம் உட்காருவாள். கைப்பையை மடியில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு, “ஓட்டுங்க” என்பாள். விற்க வந்தவர் இன்ஜினின் பெருமையை ஆரம்பித்தால், “நீங்க கொஞ்சம் பேசாம வாங்க. அது பேசட்டும்” என்பாள்.

பதினேழு வருடமாக அத்தை ஒரு பெரிய ஹோட்டலுக்குக் கார் ஓட்டுகிறாள். விமான நிலையத்திலிருந்து விருந்தினர்களை அழைத்து வர வேண்டும், பிறகு கொண்டுபோய் விட வேண்டும். ஹோட்டல் கேட்பது இரண்டுதான்: நேரம் தவறக் கூடாது, கார் சொகுசாக இருக்க வேண்டும். நேரம் அத்தையுடைய பொறுப்பு. கார் மட்டும் லீஸ் கம்பெனியுடையது. கடைசியாக ஓட்டிய வெள்ளைக் காரை மூன்று வருடம் மாத வாடகை கட்டி வைத்திருந்தாள். மூன்றாவது வருடம் முடியும்போது கம்பெனியிலிருந்து ஆறு பக்கக் கடிதம் வந்தது. அத்தை அதை என்னிடம் நீட்டினாள். குடும்பத்தில் பொடி எழுத்து படிக்கிற வேலை என்னுடையது.

“சுருக்கமா சொல்லு.”

“வாடகையை ரெண்டு மடங்கு ஆக்கிட்டாங்க. கட்ட முடியலைன்னா காரைத் திருப்பிக் கொடுக்கணுமாம்.”

“இதே காரை நாமளே விலைக்கு வாங்கிக்கறோம்னு எழுது.”

எழுதினேன். தனி ஆட்களுக்கு விற்பதில்லை, வியாபாரிகளுக்கு மொத்தமாகத்தான் கொடுப்போம் என்று மேலும் இரண்டு பக்கம் வந்தது.

திருப்பிக் கொடுக்கப் போன நாளில் கம்பெனி ஆள் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒரு கீறல்கூடக் கிடைக்காத ஏமாற்றத்தோடு, ஓடிய தூரம் 1,04,312 கிலோமீட்டர் என்று ரசீதில் எழுதிக் கொடுத்தார். பிறகு காரை உள்ளே ஓட்டிப் போனார். வாசல் வேகத்தடையில் ஏறி இறங்கியபோது பின்கதவிலிருந்து ‘டிங்’ என்று ஒரு சத்தம், ஒரு மூச்சு விட்டு ‘டிடிங்’ என்று இன்னொன்று. அவர் திடுக்கிட்டுத் தலையை வெளியே நீட்டினார்.

“காசு சார்” என்றாள் அத்தை.

கடைசி வாரத்தில் ஒரு விருந்தினரின் குட்டிப் பெண் ஜன்னல் கண்ணாடி இறங்கும் இடுக்கை உண்டியல் என்று நினைத்து இரண்டு நாணயங்களைப் போட்டுவிட்டாள். எடுக்க வேண்டுமென்றால் கதவையே பிரிக்க வேண்டும் என்று பட்டறையில் சொன்னார்கள். காசு அது பாட்டுக்கு இருக்கட்டும் என்று அத்தை விட்டுவிட்டாள்.

ஹோட்டல் மேனேஜர் ஒரு மாதம் தவணை கொடுத்தார். “அடுத்த ஒண்ணாம் தேதி நல்ல கார் வாசல்ல நிக்கணும் மேடம். இல்லேன்னா ஒரு கம்பெனிக்காரன் பத்து வண்டியோட வரேங்கறான்.” அதுவரை அத்தைக்கு ஹோட்டலின் சலவைத் துணி வேன் கிடைத்தது. பதினேழு வருடம் விருந்தினர்களைச் சுமந்தவள் இப்போது அவர்களுடைய படுக்கை விரிப்புகளைச் சுமந்தாள். “இதுங்க குறை சொல்றதில்ல” என்றாளே தவிர, தினமும் காலண்டரில் ஒன்றாம் தேதிக்கு எத்தனை நாள் என்று எண்ணிக்கொண்டிருந்தாள். வேலை போனால் நாள் முழுக்க வீட்டில் இருக்க வேண்டும். மருந்துக்கடை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மாமாவும் நாள் முழுக்க வீட்டில்தான் இருந்தார்.

“ரெண்டு பேரும் ஒரே கூரைக்கு அடியில இருந்தா, ஒருத்தர்தான் மிஞ்சுவோம்” என்றாள் என்னிடம்.

புதுக் காருக்கு வசதியில்லை. பழையதில் நல்லதைத் தேட வேண்டியதுதான். முதல் காரை மாமாவுக்குப் பார்த்தவுடன் பிடித்துவிட்டது. அதன் முன்சீட்டில் முதுகு பிடித்துவிடும் வசதி இருந்தது. மாமா கண் சொருகிப் போய், “வாங்கிடலாம்மா” என்றார். அதன் பிறகுதான் அதை நிறுத்த முடியாது என்று தெரிந்தது. வியாபாரி ஒவ்வொரு பொத்தானாக அமுக்க, மாமா தாளம் தப்பாமல் ஆடிக்கொண்டே, “வே-வேண்டாம்னு சொ-சொல்லிடு” என்றார்.

இரண்டாவது கார் கண்ணாடி மாதிரி மின்னியது. அத்தை பின்சீட் பெல்ட்டை வெளியே இழுத்தாள். இழுத்துக்கொண்டே போனாள். கடைசி ஒரு சாண் நீளத்துக்குச் சேற்றின் கோடு தெரிந்தது.

“வண்டி நீந்தியிருக்கு போலிருக்கே” என்றாள். வியாபாரிக்கு உடனே போன் வந்துவிட்டது. மணி அடித்ததுதான் எங்களுக்குக் கேட்கவில்லை.

இருபத்தாறாம் தேதி நானும் அத்தையும் மட்டும் ஊருக்கு வெளியே ஒரு கடைக்குப் போனோம். முதலில் வந்தது ஒரு வாசனை. அதற்குப் பின்னால் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் வந்தார். அத்தை என் காதில், “செண்ட்டுக்காரர்” என்று பெயர் வைத்தாள்.

அவர் ஒயின் நிறக் கார் ஒன்றைக் காட்டினார். புது சீட் உறை. நம்பர் பலகை இருக்க வேண்டிய இடத்தில் கடையின் பெயர். ஓடிய தூரம் முப்பத்தெட்டாயிரம்.

“ஒரே ஓனர் மேடம். கண் டாக்டர். ஞாயித்துக்கிழமை மட்டும்தான் வெளிய எடுப்பாரு.”

அத்தை பின்னால் ஏறிக் கண்ணை மூடினாள். நான் முன்னால் உட்கார்ந்தேன். செண்ட்டுக்காரர் ஓட்டினார். கார் வழுக்கிக்கொண்டு போனது. தெருமுனை வேகத்தடையில் ஏறி இறங்கியது.

டிங். ஒரு மூச்சு விட்டு, டிடிங்.

திரும்பிப் பார்த்தேன். அத்தையின் கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தாள், ஒரு விரலை உதட்டில் வைத்தாள், மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

“என்ன சார் சத்தம்?”

“ரோடு சரியில்ல மேடம்.”

“ரோடுதானா? இன்னொரு தடவை ஏத்துங்களேன்.”

மூன்று தடவை ஏற்ற வைத்தாள். செண்ட்டையும் மீறி வியர்வை வாடை வந்தது.

“அந்த டாக்டர் எப்படி சார், முன்கோபியா?”

“சேச்சே. தங்கமான மனுஷன். பிரேக்கைக்கூட பூ மாதிரிதான் மிதிப்பாரு.”

“அப்படியா?” அத்தைக்கு முகம் மலர்ந்துவிட்டது. “சர்வீஸ் எல்லாம்?”

“ஒரு நாள் தள்ள மாட்டாரு மேடம். அந்த மாதிரி ஒரு டிரைவரை நீங்க பார்த்திருக்கவே மாட்டீங்க.”

“இன்னும் ஏதாவது சொல்லுங்க” என்றாள் அத்தை. பதினேழு வருடத்தில் மேனேஜர் ஒரு தடவைகூட இப்படியெல்லாம் சொன்னதில்லை.

கடைக்குத் திரும்பி மேஜை முன் உட்கார்ந்தோம். செண்ட்டுக்காரர் பில் புத்தகத்தைத் திறந்தார்.

“எல்லாத்தையும் எழுதிடுங்க சார். கண் டாக்டர், ஞாயித்துக்கிழமை, முப்பத்தெட்டாயிரம்.”

“பில்லுல அதுக்கெல்லாம் இடம் இல்லையே மேடம்.”

“என் மருமக பொடியா எழுதுவா.”

அவர் சிரித்துப் பார்த்தார். நாங்கள் சிரிக்கவில்லை.

“சரி, கிலோமீட்டருக்கு இடம் இருக்கு பாருங்க. அதை மட்டும் எழுதுங்க, நான் சொல்றேன். ஒரு லட்சத்து நாலாயிரத்து முந்நூத்திப் பன்னெண்டு. அதுக்கு மேல நீங்க ஓட்டினது பத்தோ இருபதோ இருக்கும். அதை நான் கேக்கல.”

பேனா அப்படியே நின்றது.

“உங்களுக்கு… எப்படி மேடம்?”

“கண் டாக்டர் சொன்னாரு.”

கையோடு கொண்டுபோயிருந்த ஃபைலிலிருந்து லீஸ் கம்பெனியின் ரசீதை நான் எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்தார். ஜன்னல் வழியே காரைப் பார்த்தார். மறுபடி ரசீதைப் பார்த்தார். வெள்ளையாக இருந்தால் வாடகை வண்டி என்று கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதற்காகத்தான் மேலே ஒயின் நிறத் தாள் ஒட்டியதாகவும், மீட்டரைப் பையன்கள் தெரியாமல் தொட்டுவிட்டதாகவும் முனகினார். விலை தானாகவே இறங்கியது.

“சரியான தூரத்தை எழுதுங்க. மீட்டரையும் திருத்திக் கொடுங்க” என்றாள் அத்தை. “இன்ஜினுக்கும் கியருக்கும் ஒரு வருஷம் உங்க பொறுப்புன்னு அதுக்குக் கீழ எழுதுங்க.”

“பழைய வண்டிக்கு யாரும் எழுதித் தர மாட்டாங்க மேடம்!”

“பிரேக்கைப் பூ மாதிரி மிதிச்சவர் வண்டின்னு நீங்கதானே சொன்னீங்க? பயப்படாம எழுதுங்க.”

எழுதினார். ஒவ்வொரு வரியையும் படித்துப் பார்த்துவிட்டு நான் தலையாட்டினேன். சாவியை நீட்டும்போது அவர் குரல் இறங்கிப் போயிருந்தது.

“ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போங்க மேடம். அந்த சத்தம் என்ன? மூணு பேர் அதைக் கேட்டுட்டே வேண்டாம்னு போயிட்டாங்க. மெக்கானிக் ரெண்டு நாள் அடியில படுத்துத் தேடினான்.”

“அது என் காசு சார்” என்றாள் அத்தை. செண்ட்டுக்காரருக்கு இன்றுவரை புரிந்திருக்காது.

வீட்டு வாசலில் மாமா காரை மூன்று சுற்று சுற்றி வந்தார். கதவைத் திறந்து மூடினார், சீட்டை அழுத்திப் பார்த்தார். “இதுதான் கார்! அந்தப் பழைய டப்பாவும் இதுவும் ஒண்ணா?” என்றார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அத்தை பார்த்த பார்வையில் வாய் தானாக மூடிக்கொண்டது.

ஒன்றாம் தேதி காலையில் கார் ஹோட்டல் வாசலில் நின்றது. கூடவே கொண்டுபோன ஃபைலோடு நான் முன்சீட்டில் இருந்தேன். மேனேஜர் வெளியே வந்து பார்த்தார், பில்லைப் புரட்டினார், பின்சீட்டில் ஏறினார். “கேட் வரைக்கும் ஒரு ரவுண்டு போங்க மேடம்.”

போனோம்.

“இப்பதான் நம்ம ஹோட்டலுக்கு ஏத்த மாதிரி இருக்கு” என்றார் அவர், காலை நீட்டிக்கொண்டு. “பழசுல உக்காந்தாலே எனக்கு இடுப்பு பிடிச்சுக்கும். சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னுதான் சொல்லல. இனி இதையே ஓட்டுங்க. அந்தக் கம்பெனிக்காரனை வேண்டாம்னு சொல்லிடறேன்.”

“ரொம்ப நன்றி சார்” என்றாள் அத்தை. கண்ணாடியில் அவள் முகம் பச்சைக் குழந்தை முகம் மாதிரி இருந்தது.

கேட்டின் வேகத்தடை வந்தது.

டிங். ஒரு மூச்சு விட்டு, டிடிங்.

மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அது என்ன சத்தம்?”

“இதுக்கு முன்னாடி ஓட்டினவரு ஒரு கண் டாக்டர் சார்” என்றாள் அத்தை. “தங்கமான மனுஷன். ஏதோ மறந்து விட்டுட்டுப் போயிருக்காரு.”