கேட் போர்டில் ஒரு கிறிஸ்துமஸ் வரி

1. போனைக் குடு

டிசம்பர் இருபத்தைந்து, காலை ஏழரை மணி. மேனேஜர் என் கேபினுக்குள் வந்து கையை நீட்டினார்.

"போனைக் குடுய்யா."

கொடுக்கவில்லை. முப்பது வருட வேலையில் ஒரு மேலதிகாரியிடம் நான் முடியாது என்றது அன்றுதான்.

சித்தூரில் மாம்பழக் கூழ் எடுக்கும் ஒரு பாக்டரியில் நான் ஷிஃப்ட் இன்சார்ஜ். மாங்காய் சீசன் முடிந்தால் கொய்யா, பப்பாளி ஓடும். கேட்டுக்கு மேலே ஓர் எல்.இ.டி. போர்டு. என் போனில் தட்டினால் அதில் எழுத்து ஓடும். உகாதி, விநாயக சதுர்த்தி, தசரா, தீபாவளி, சங்கராந்தி, ஒன்றுவிடாமல் வாழ்த்து போடுவேன். கிறிஸ்துமஸ் அன்று 'ஹெல்மெட் அணியவும்' ஓடும். போடாதே என்று யாரும் சொன்னதில்லை. எனக்குத் தோன்றவே இல்லை. அதுதான் அசிங்கம்.

2. பூசணிக்காய்

ஏசுதாஸ் எங்கள் பாய்லர் ஆபரேட்டர். ஆயுத பூஜை அன்று பாய்லருக்குப் பொட்டு வைத்து, பூசணிக்காய் சுற்றி உடைப்பது அந்த வேலையில் இருப்பவன் பொறுப்பு. பதினோரு வருடம் அவன்தான் உடைத்தான். ஒரு தடவைகூட முகம் சுளித்ததில்லை.

அந்த வருடம் உடைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

"அண்ணா, ஒண்ணு கேக்கணும். லீவு இல்ல, பயப்படாதீங்க."

"கேளுடா."

"எங்க பண்டிகைக்கும் போர்டுல ஒரு வரி போடுவீங்களா? வேலூர்ல என் மச்சான் கிண்டல் பண்றான். பதினோரு வருஷமா பாய்லராண்ட வெந்துகினு கெடக்கற, நீ யாருன்னாச்சும் உன் கம்பெனிக்குத் தெரியுமான்றான்."

மேனேஜரிடம் போனேன்.

"பண்டிகை வாழ்த்துகள்னு பொதுவா போட்டுடு. பேரு வேணாம்" என்றார்.

"தீபாவளிக்குப் பேரு போடறமே சார்?"

"அது ஊருக்கே பண்டிகைய்யா. இதுக்குப் போட்டா நாளைக்கு ரம்ஜானுக்கும் கேப்பாங்க."

"கேட்டா போடலாம் சார்."

"நீ வேலையைப் பாரு."

பார்த்தேன். கிறிஸ்துமஸ் காலை ஆறு மணிக்கு, 'கிறிஸ்துமஸ் சுபாகாங்க்ஷலு' என்று தெலுங்கில் வாழ்த்தைப் பெரிய சிவப்பு எழுத்தில் ஓடவிட்டேன்.

3. கேட்டில்

அதற்குத்தான் மேனேஜர் போனைக் கேட்டு நின்றார்.

"பத்து மணிக்கு சரக்கு வாங்கற பையருங்க வர்றாங்க. திருப்பதியில தரிசனம் முடிச்சுட்டு நேரா வர்றவங்க. இதைப் பாத்தா என்ன நெனைப்பாங்க?"

"அவங்க கூழ் வாங்க வர்றாங்க சார்."

அவர் கேட்டுக்கு நடந்தார், சுவிட்சையே அணைக்க. நான் பின்னாலேயே ஓடினேன். ஷிஃப்ட் மாறும் நேரம், முப்பது பேர் நின்று பார்த்தார்கள். பாய்லர் பக்கத்திலிருந்து ஏசுதாஸும் வந்துவிட்டான். அவன் குரலை உயர்த்தவில்லை.

"அணைச்சுக்குங்க சார். அடுத்த ஆயுத பூஜைக்குப் பூசணிக்காயையும் நீங்களே உடைச்சுக்குங்க."

யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜரின் கை சுவிட்ச் மேலேயே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு இறங்கியது.

"ஓடித் தொலையட்டும்" என்று உள்ளே போனார். எனக்கு விசில் அடிக்க வேண்டும் போல இருந்தது. வயது தடுத்தது.

பையர்கள் மொட்டைத் தலையும் நாமமுமாக வந்தார்கள். மூன்று பேரும் போனில் பேசிக்கொண்டே உள்ளே போனார்கள். ஒருவர்கூட போர்டை நிமிர்ந்து பார்க்கவில்லை.

4. புது போர்டா?

மதியம் ஏசுதாஸின் மனைவி பிரியாணி கேரியரோடு வந்தாள். பாக்டரிக்கு அவள் வந்தது அதுதான் முதல் தடவை. கேட்டில் நின்று வரியை இரண்டு தடவை படித்தாள். போன் எடுத்துப் படம் பிடித்தாள். முகமெல்லாம் சந்தோஷம்.

"புது போர்டாண்ணா? எப்ப வாங்கனீங்க?"

காலையில் மேனேஜரையே எதிர்த்து நின்ற நான், கேரியரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"ஆறு வருஷம் ஆவுதும்மா."

அவள் போனை மடியில் செருகிக்கொண்டாள். கேரியரை என் கையில் கொடுத்தாள்.

"துன்னுங்கண்ணா, ஆறிடப் போவுது."

துன்னேன். ருசியாகத்தான் இருந்தது. ஆனால் மேனேஜரை எதிர்த்ததற்காக அன்று எல்லோரும் என் முதுகில் தட்டிக்கொடுத்ததை என்னால் ஏற்க முடியவில்லை. ஆறு வருடமாக அந்தப் போன் என் சட்டைப் பையில்தான் இருந்தது. என் பண்டிகைக்கு வாழ்த்து வேண்டுமென்று நான் ஒருநாளும் யாரிடமும் போய் நின்றதில்லை. அது தானாக வந்தது. ஏசுதாஸ் பதினோரு பூசணிக்காய் உடைத்த பிறகு கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

இப்போது வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான்: போர்டு உன் கையில் இருந்தால், எவன் பேர் விட்டுப்போயிருக்கிறது என்று நீயே பார். அவன் வந்து கேட்கும்வரை உட்கார்ந்திருக்காதே.

அடுத்த ரம்ஜானுக்கு யாரும் வந்து கேட்கவில்லை. நான் போட்டேன். மேனேஜரும் போனைக் கேட்கவில்லை.