நாற்றம் கேட்டு வந்த கண் வண்டி

ஊரடங்கு போட்டதும் பெங்களூரில் பந்தல் போடும் வேலை நின்றுபோனது. காட்பாடிக்குப் போனால் ஏதாவது ஒரு ரயில் கிடைக்கும், எதிலாவது ஏறிக்கொள்ளலாம் என்று ஒரு தக்காளி லாரியில் தொற்றிக்கொண்டேன். ரயில்களும் நின்றுவிட்டன என்பது எனக்குத் தெரியாது. ஆம்பூர் அருகே போலீஸ்காரர்கள் லாரியை மறித்தார்கள். டிரைவருக்கு அனுமதி இருந்தது, தக்காளிக்கும் இருந்தது, எனக்குத்தான் இல்லை. இறங்கிக்கொண்டேன்.

நடக்க ஆரம்பித்ததும் அந்த நாற்றம் வந்து மூக்கில் அறைந்தது. செத்த மாட்டைச் சுண்ணாம்பில் குளிப்பாட்டி, உப்புப் போட்டு, ஈரத்தோடு மூடி வைத்தால் எப்படியிருக்குமோ அப்படி. நான் கணியம்பாடிப் பக்கம் வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவில் பிறந்தவன். எட்டாம் வகுப்பில் கணக்கு வாத்தியாருக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. அவர் பள்ளிக்கூடத்திலேயே இருந்துவிட்டார், நான் வெளியே வந்துவிட்டேன். அதற்குப் பிறகு மங்களூர் மீன் மார்க்கெட்டில் கூடைகளுக்கு நடுவே தூங்கியிருக்கிறேன். அதெல்லாம் இதற்கு முன் சந்தனம்.

தோல் பதனிடும் டேனரிகளை ஒட்டிய ஒரு தெருவில் பாதி இறக்கிய ஷட்டருக்குப் பின்னால் ஒருவர் திருட்டுத்தனமாக டீ ஆற்றிக்கொண்டிருந்தார். தெருவே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டது.

"இன்னா தம்பி, மூக்க பொத்திக்கினு வர்றே?"

"நாத்தம் தாங்கல அண்ணா."

"இன்னா நாத்தம்?"

கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் அதே பதில்தான் வரும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். பெண் பார்க்க வருகிறவர்கள் ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே முகத்தைச் சுளிப்பார்கள். "இன்னா நாத்தம், ஒண்ணும் இல்லியே" என்று வீட்டுக்காரர்கள் சொல்வார்கள். தலைமுறையாகச் சொல்லிச் சொல்லி மூக்கும் அதை நம்பிவிட்டது.

மாஸ்டரின் மூக்கு மட்டும் பாலுக்கென்று தனியாக வேலை செய்தது. பால் அடிபிடித்தால் தெருமுனையிலிருந்தே கண்டுபிடித்து ஓடிவருவார். லேசாகப் பிடித்திருந்தாலும் முழுப் பாத்திரத்தையும் சாக்கடையில் கவிழ்ப்பார். அவர் மனைவி தலையில் அடித்துக்கொள்வார். கடைக்குப் பின்னால் விறகு அடுக்கும் இடத்தில் என்னைப் படுத்துக்கொள்ளச் சொன்னது அந்த அக்காதான்.

வேலையும் அந்தத் தெருவிலேயே கிடைத்தது. ஊரில் ஒரு தொண்டு அறக்கட்டளை இருந்தது. பல வருடமாக இலவசக் கண் சிகிச்சை முகாம் நடத்தி வந்தார்கள். அதன் வண்டி டிரைவர் குடியாத்தத்துக்குப் போனவர் திரும்பவில்லை. எனக்கு ஓட்டத் தெரியும் என்றேன். லைசென்ஸ் பற்றி அவர்கள் கேட்கவில்லை, நானும் பேச்செடுக்கவில்லை.

வண்டி ஒரு பழைய வேன். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு ஒரு கண் வரைந்திருந்தது. கொரோனா வந்ததும் அதை ஆம்புலன்சாக மாற்றியபோது கண்ணை அழித்துவிடலாம் என்று அங்கே வேலை பார்த்த நர்ஸ் சிஸ்டர் சொன்னார். கண்ணுக்குக் கீழே நன்கொடையாளர் பெயர் இருக்கிறதே என்று அறக்கட்டளைத் தலைவர் மறுத்துவிட்டார். அதனால் சளிக்கும் காய்ச்சலுக்கும் அந்தக் கண்தான் போனது. வேன் தெருவுக்குள் நுழைந்தால் தாய்மார்கள் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துவார்கள். கண் வண்டி வந்தால் ஆளைத் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று பேச்சு.

தலைவர் டேனரி ஒன்றில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர், போட்டோ பிடிக்காத நாட்களில் இன்னும் நல்ல மனிதர். கொரோனாவை விரட்டுவோம் என்று அவர் வைத்த ஃபிளெக்ஸில் அவர் படம் பெரிதாகவும் கொரோனா படம் சின்னதாகவும் இருந்தது. மறுநாள் காலை அதை இரங்கல் போஸ்டர் என்று நினைத்து இரண்டு பேர் மாலையோடு அவர் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். வாங்கி வந்த மாலையை என்ன செய்வது என்று அவர்களுக்கும் தெரியவில்லை. கடைசியில் வரவேற்பு என்று சொல்லி அவருக்கே போட்டுவிட்டுப் போனார்கள்.

கேலி இருக்கட்டும். சர்க்கரை மாத்திரை தீர்ந்துபோன கிழவர்களுக்கு வீடு வீடாக மாத்திரை கொண்டுபோய்க் கொடுத்தது அந்த வேன்தான். அரிசியும் கபசுரக் குடிநீரும் ஏற்றினோம். ஒரே ஒரு ஆக்சிஜன் சிலிண்டரைப் பிரசவத்துக்குப் போகிறவளைப் போலப் பார்த்துப் பார்த்துக் கொண்டுபோனோம்.

சளி டெஸ்டுக்குப் போதுமான குச்சிகள் இல்லாத நேரம் அது. அப்போதுதான் தலைவரின் மருமகன் களத்தில் இறங்கினார். பெங்களூர் கம்பெனிக்கு மாமனார் வீட்டு மாடியிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். இந்த நோய் வந்தால் வாசனை தெரியாது என்று படித்திருந்தார்.

"ரொம்ப சிம்பிள் மாமா. அந்தத் தெருல ஒரு ஸ்மெல் இருக்கு இல்ல? அது தெரியுதான்னு கேப்போம். தெரியலைன்னா சந்தேகம்."

டேனரிகள் மூடிக் கிடந்ததால் பதப்படுத்தாத தோல்கள் உள்ளேயே அழுகிக்கொண்டிருந்தன. எப்போதும் இருப்பதைவிட மூன்று பங்கு நாறியது. மருமகன் மூன்று மாஸ்க் போட்டுக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, செல்போனைப் பிடித்தபடி முதல் வீட்டின் முன் நின்றார். நான் பின்னால் சானிடைசர் பாட்டிலோடு நின்றேன்.

"அம்மா, இங்க ஏதாவது நாத்தம் வருதா?"

அந்த அம்மாள் இடுப்பில் கை வைத்தார். "இன்னா நாத்தம்? எங்க தெரு நாறுதுன்னு சொல்றியா?"

"இல்லம்மா, தெரியுதா தெரியலையான்னு மட்டும் சொல்லுங்க."

"ஒண்ணும் இல்ல. வேணும்னா உன் மூஞ்சில கட்டிக்கினு இருக்கியே, அத தொவை."

அடுத்த வீட்டிலும் ஒன்றும் இல்லை, அதற்கடுத்த வீட்டிலும் ஒன்றும் இல்லை. தெரு முழுக்க ஒருவர் பாக்கியில்லாமல் நாற்றமே இல்லை என்று சொன்னார்கள். மருமகன் செல்போனில் எண்ணிக்கையை இரண்டு முறை சரிபார்த்தார். உலகத்திலேயே இப்படி மொத்தத் தெருவும் ஒரே நாளில் விழுந்தது இதுதான் முதல் முறை என்றார். அன்று சாயங்காலமே நகராட்சி ஆட்கள் தெருவின் இரண்டு முனையையும் தகர ஷீட் வைத்து அடைத்தார்கள். நான் வேன் ஓட்டுகிறவன் என்பதால் வெளியே நின்றுபோனேன். அன்றிலிருந்து படுக்கை வேனில்.

அடைத்தது அறக்கட்டளையின் பேச்சைக் கேட்டுத்தான் என்பதால், சோறு போடும் பொறுப்பும் அறக்கட்டளை தலையில் விழுந்தது. காலையும் மாலையும் தகரத்துக்கு மேலே சாப்பாட்டுப் பொட்டலங்களையும் பால் பாக்கெட்டுகளையும் நீட்டுவேன். முதல் இரண்டு நாள் திட்டினார்கள். மூன்றாம் நாள் குஸ்காவில் உப்பு கம்மி, காரம் ஜாஸ்தி என்று குறை சொல்ல ஆரம்பித்தார்கள். அப்போதே தெரு ஆரோக்கியமாகத்தான் இருக்கிறது என்று சிஸ்டர் சொன்னார். யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தெருவுக்கே மாஸ்டர்தான் டீ போட்டார். எனக்கும் ஒரு டம்ளர் தகரத்துக்கு மேலே வரும்.

"வெளிய வந்துரலாம் மாஸ்டர், கொஞ்ச நாள்தான்" என்றேன் ஒரு நாள்.

"நான் வெளிய வர்றேன் தம்பி. ஆனா உன் வண்டில மட்டும் வர மாட்டேன்."

அவருடைய தம்பியை ராணிப்பேட்டையில் இப்படி ஒரு வண்டியில்தான் ஏற்றினார்கள். பின்கதவு சாத்தும்போது உள்ளேயிருந்து கையை ஆட்டினாராம். அடுத்து மாஸ்டர் பார்த்தது பிளாஸ்டிக்கில் சுற்றி வைத்த ஒன்றைத்தான், அதுவும் தூரத்திலிருந்து. அது தம்பிதானா என்று இன்றுவரை சந்தேகம் என்றார். சொல்லிவிட்டு இருமினார். புகை என்றார்.

அடுத்த நாள் டீயில் கருகல் வாசனை அடித்தது. நானும் புகை என்றே நினைத்தேன்.

இரண்டாம் சுற்றுக்கு நாள் குறித்தார்கள். இந்த முறை தேறினால் தகரத்தைப் பிரித்துவிடலாம் என்று அதிகாரிகள் சொல்லியிருந்தார்கள். செய்தி தெருவுக்குள் போய்விட்டது. நாற்றம் தெரிகிறது என்று சொன்னால் விடுதலை, தெரியவில்லை என்றால் மறுபடியும் தகரம்.

அன்று தலைவரே வந்தார். ஒத்துழைத்த தெருவுக்குப் போர்த்துவதற்கு ஒரு பொன்னாடை. தெருவுக்கு எப்படிப் போர்த்துவது என்பதை வந்த இடத்தில் யோசிப்பதாக இருந்தார். விடியற்காலையில் நகராட்சி ஆட்கள் தெரு முழுக்க பிளீச்சிங் பவுடரைக் கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். எனக்கு அதைத் தவிர வேறு எந்த வாசனையும் தெரியவில்லை. கண்கள் எரிந்தன. ஆனால் மருமகன் வாயைத் திறக்கும் முன்பே முதல் வீட்டு அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"ஐயோ, இன்னா நாத்தம் இது! கொடலப் பொரட்டுது!"

"டேனரி நாத்தம் சார், மனுசன் இருக்க முடியாது!" என்றார் எதிர் வீட்டுக்காரர்.

"முப்பது வருசமா பேஜாரு. கேக்க ஆளில்ல!"

தலைவருக்கு முகம் சுருங்கிவிட்டது. முப்பது வருடம் அவர் மேனேஜராக இருந்த டேனரியின் சுவர்தான் பின்னால் தெரிந்தது. "எங்க டேனரில எப்பவுமே நாத்தம் கிடையாதே" என்றார் மெதுவாக.

"சார், உங்களுக்கு வாசன தெரியலையா?" என்று உடனே ஒரு பெண் கேட்டாள். "சிஸ்டர், சார மொதல்ல டெஸ்ட் பண்ணுங்க!"

தெருவே சிரித்தது. மருமகன் ஒவ்வொரு பெயராகத் தேறியது என்று செல்போனில் தட்டிக்கொண்டே போனார். கடைசி வீடு மாஸ்டருடையது. ஷட்டருக்குள் அடுப்பின் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். எழுந்து வரவில்லை.

"நல்லா நாறுது சார்" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார். "தோல் நாத்தம். தாங்க முடியல. எழுதிக்கோங்க."

அப்போது பிளீச்சிங் பவுடரை மீறி வேறொரு வாசனை வந்தது. எனக்கு வந்தது. சிஸ்டர் திரும்பிப் பார்த்தார். பக்கத்து வீட்டு அம்மாள் முந்தானையை மூக்கிலிருந்து எடுத்தார். மாஸ்டரின் முழங்கைக்குப் பக்கத்தில் பால் கருகி, பாத்திரத்திலிருந்து புகை சுருள் சுருளாக வந்துகொண்டிருந்தது. அவர் எங்களைப் பார்த்துச் சிரித்தபடி உட்கார்ந்திருந்தார்.

அக்கா உள்ளேயிருந்து ஓடிவந்தார். "இன்னா குந்திக்கினு கீற? பால் அடிபுடிக்கிது பாரு!"

மாஸ்டர் பாத்திரத்தைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். அவர் மூக்கு தெருவுக்கே தெரிந்த மூக்கு.

சிஸ்டர் உள்ளே போய் ஆக்சிஜன் பார்க்கும் மீட்டரை அவர் விரலில் மாட்டினார். எண்ணைப் பார்த்ததும் மீட்டரை மாஸ்டர் பார்க்காதபடி திருப்பிப் பிடித்தார். "எத்தன நாளா மூச்சு வாங்குது?"

"மூணு நாளா."

"இப்ப கிளம்பணும். சாயங்காலம் இல்ல, இப்ப."

"அந்த வண்டில ஏற மாட்டேன் சிஸ்டர். இங்கியே கெடக்குறேன்."

"அப்போ தகரம்?" என்று யாரோ கேட்டார்கள். "இன்னும் ரெண்டு வாரமா?"

"ஏய், ஆளு முக்கியமா, தகரம் முக்கியமா?" என்று முதல் வீட்டு அம்மாள் கத்தினார். "அவரு போட்ட டீய இத்தினி நாளு குடிச்சல்ல?" அதைச் சொன்ன பிறகுதான் எல்லோருக்கும் தாங்கள் குடித்த டீ நினைவுக்கு வந்தது.

அக்கா அழுதார். சிஸ்டர் அதட்டினார். தலைவர், அரசாங்கமே உங்களைக் கவனிக்கும் என்று ஆரம்பித்தார். மாஸ்டர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவருக்குப் பயம் ஆஸ்பத்திரி மேல் இல்லை, அந்தப் பின்கதவின் மேல்தான் என்று எனக்குத் தெரியும்.

"மாஸ்டர், பின்னால வேணாம்" என்றேன். "முன்னால எம் பக்கத்துல குந்து. ஜன்னல் தொறந்தே இருக்கும்."

"முன்னாலயா?"

"முன்னாலதான். நான் போற எடம் உனக்குத் தெரியும், நீ போற எடம் எனக்குத் தெரியும்."

"பேஷண்ட்ட முன்னால உக்கார வெக்கக் கூடாது. ரூல்ஸ் இருக்கு" என்றார் மருமகன்.

"இந்த வண்டியே கண் டெஸ்டுக்கு வந்த வண்டி" என்றார் சிஸ்டர். "ரூல்ஸ் அப்புறம் பாத்துக்கலாம். சிலிண்டர எடு."

தகரத்தை அவிழ்க்க யாரும் காத்திருக்கவில்லை. பெண்களே ஒரு ஷீட்டைச் சாய்த்து வழி விட்டார்கள். மாஸ்டர் முன் சீட்டில் உட்கார்ந்தார். சிலிண்டர் அவர் கால்களுக்கு நடுவே, குழாய் மூக்கில். முதுகு சாய முடியாமல் தவித்தார். தலைவர் கையிலிருந்த பொன்னாடையைப் பார்த்தார், போட்டோக்காரரைப் பார்த்தார், பிறகு அதைச் சுருட்டி மாஸ்டரின் முதுகுக்குப் பின்னால் செருகினார். அந்த ஒன்றை யாரும் போட்டோ எடுக்கவில்லை.

தெருவைத் தாண்டும்வரை மாஸ்டர் முழங்கையை ஜன்னலுக்கு வெளியே வைத்திருந்தார், பெண் வீட்டுக்குப் போகிற சம்பந்தி மாதிரி. ஆனால் நெடுஞ்சாலை வந்ததும் கை உள்ளே விழுந்தது. வேலூர் வரை அவர் மூச்சைக் கேட்டுக்கொண்டே ஓட்டினேன். சிஸ்டர் பின்னால் உட்கார்ந்து, கையை நீட்டி அவர் தோளைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

தெருவை மறுபடியும் அடைத்தார்கள். இந்த முறை குச்சிகள் வந்தன. மாஸ்டரோடு சேர்த்து நான்கு பேருக்கு நோய் என்று தெரிந்தது. மற்ற மூவரும் நாற்றம் குடலைப் புரட்டுகிறது என்று சத்தியம் செய்தவர்கள்.

மாஸ்டர் பிழைத்தார். பாதி உடம்பாக இளைத்து, வந்தது போலவே முன் சீட்டில் உட்கார்ந்து திரும்பினார். பொன்னாடையை அக்கா துவைத்துத் தலைவரிடம் கொடுத்தார். அவர் வேண்டாம் என்றுவிட்டார். அது கடையில் டீ பாய்லர் துடைக்கும் துணியாக ரொம்ப நாள் இருந்தது.

மூக்கு மட்டும் திரும்பவில்லை. கடை திறந்த பிறகு பால் அடுப்பில் இருந்தால் தெருவே காவல் காத்தது. "மாஸ்டர், பொங்குது!" "மாஸ்டர், புடிக்கிது!" என்று எதிர் வீட்டிலிருந்தெல்லாம் சத்தம் வரும். அவர் எரிச்சலோடு அடுப்பைக் குறைப்பார்.

பல மாதம் கழித்து ஒரு காலை, டேனரிகள் ஓட ஆரம்பித்துவிட்ட சமயம், மாஸ்டர் ஆற்றிக்கொண்டிருந்த டீயை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தார். காற்றை இழுத்தார். முகத்தைச் சுளித்தார். கைலியின் நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இன்னாது இது? இப்டி நாறுது?"

குழாயடியில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்னா நாத்தம்?" என்றார் முதல் வீட்டு அம்மாள். "ஒண்ணும் இல்லியே."

"ஐயோ, நாறுது! நெசமா! இந்த நாத்தத்துலயா இத்தினி வருசம் இருந்தோம்?" அவர் கண்களில் நீர் வந்துவிட்டது. நாற்றத்துக்கா, வேறெதற்கா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வேனைத் துடைத்துக்கொண்டிருந்த என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீ சொல்லு. நீதான் மொத நாளே மூக்க பொத்திக்கினு வந்தே. நாறுதா இல்லியா?"

நான் துணியைக் கீழே வைத்துவிட்டு நன்றாக இழுத்துப் பார்த்தேன். டீ வாசனை வந்தது, ஈரத் துணி வாசனை வந்தது. இன்னொரு முறை இழுத்தேன்.

"ஒண்ணும் தெரியல மாஸ்டர்" என்றேன்.

வேனுக்குள்ளிருந்து சிஸ்டர் எட்டிப் பார்த்தார். மீட்டரைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி என்னிடம் வந்தார்.

"வெரல நீட்டு" என்றார்.