டிஸ்க்கைப் பூட்ட வந்த கம்பெனி

பழைய கேம் டிஸ்க் விற்கிற தொழிலில் வாடிக்கையாளரைப் பார்த்துச் சிரிக்க வேண்டிய அவசியம் இல்லை. டிஸ்க்கின் அடிப்பக்கத்தைத் திருப்பி, கீறல் இல்லை என்று காட்டினால் போதும்.

திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் என் கடை. டிவியில் மாட்டி விளையாடுகிற கன்சோலுக்கான டிஸ்க் வாங்குவேன், விற்பேன், மாற்றிக் கொடுப்பேன். ஒருத்தர் ஆடி முடித்ததை இங்கே வைத்துவிட்டு, இன்னொருத்தர் முடித்ததை எடுத்துக்கொண்டு போவார். நான் ஆடுவதில்லை. தலை சுற்றும்.

கன்சோல் செய்கிற பெரிய கம்பெனி ஒன்று. பேர் சொல்ல மாட்டேன், அவர்களுக்கு நான் ஏன் இலவச விளம்பரம் செய்ய வேண்டும்? அவர்கள் ஒரு நாள் அறிவித்தார்கள். புது கன்சோல் வருகிறதாம். அதில் டிஸ்க் முதலில் யார் பேரில் ஓடுகிறதோ, அவருக்கு மட்டும்தானாம். இரவல் கொடுக்கக் கூடாது, விற்கக் கூடாது. போதாததற்கு, மெஷின் தினமும் ஒரு தடவை இன்டர்நெட் வழியாகக் கம்பெனிக்கு முகம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் ஓடாது.

அது நடந்தால் என் கடைக்கு ஷட்டர்தான். மறுநாளே கட்டட ஓனர் வந்து நின்றார். யாத்ரிகர்களின் பெட்டி, பைகளைப் பூட்டி வைக்கிற க்ளோக் ரூமுக்கு என் இடத்தை ஒருத்தர் கேட்கிறாராம். புது மெஷின் கடைக்கு வருகிற வரைக்கும் பொறுங்கள் என்றேன். சரி என்று தலையாட்டினார். தலையாட்டின விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

காசு கொடுத்து ஒரு பொருளை வாங்கிவிட்டு, அதற்கப்புறமும் விற்றவனிடம் அனுமதி கேட்டு நின்றிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் நம்ம ஆள். மேலே படியுங்கள்.

போஸ்டர்

கம்பெனியின் ஏஜென்ட் ஒரு பையன். கழுத்தில் டை, கையில் சுருட்டின போஸ்டர். 'உன் கேம், உனக்கே உனக்கு' என்று தங்கக் கலரில் அச்சடித்திருந்தது. கடைக் கண்ணாடியில் ஒட்டச் சொன்னான். என் கடையை மூடுவதற்கு என் கண்ணாடியிலேயே நோட்டீஸ். ஒட்ட மாட்டேன் என்றேன்.

அப்போது ஹேமா உள்ளே இருந்தாள். தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ட்யூட்டி முடிந்து யூனிபார்மோடு வந்து, கால்பந்து டிஸ்க்கில் எது புதுசு என்று பார்க்கிறவள். போஸ்டரை முழுசாகப் படித்தாள்.

"எனக்கே எனக்கா? அப்ப என் தம்பிக்குக் குடுக்கலாமா?"

"லேது மேடம். அவரு தனியா வாங்கணும்."

"ஆடி முடிச்சிட்டு இவருகிட்ட விக்கலாமா?"

"அதுவும் முடியாதுங்க."

ஹேமா போஸ்டரைச் சுருட்டி அவன் கையிலேயே திணித்தாள்.

"அப்போ என்னுதுன்னு எதுக்குப்பா எழுதினீங்க? உங்க வூட்டு சாமான், நான் சும்மா தொடச்சி வெச்சிக்கினு கீறேன்னு எழுது."

லட்டு

முனுசாமி மலைமேல் லட்டு கொடுக்கிற கவுன்ட்டரில் வேலை செய்கிறார். வார லீவுக்குக் கீழே இறங்கினால் முதலில் என் கடை, அப்புறம்தான் வீடு. கார் ரேஸ் தவிர வேறு எதையும் தொட மாட்டார். அவர் மனைவி ஒரு தடவை கடைக்கே வந்து என்னைப் பார்த்து முறைத்துவிட்டுப் போனதும் உண்டு.

புது விதியை அவருக்குச் சொன்னேன். தான் திருப்பித் தர வந்த டிஸ்க்கை மேலும் கீழும் திருப்பிப் பார்த்தார். எங்கே பூட்டு மாட்டுவான் என்று தேடுகிற மாதிரி இருந்தது.

"நைனா, ஒருத்தன் மலையில லட்டு வாங்கினு போனா தெரு முச்சூடும் பிட்டுப் பிட்டுத் தர்றான். வாங்கினவன் மட்டும்தான் துன்னணும்னு சட்டம் போட்டா, ஒரு பய மலை ஏறுவானா?"

டிராக்டர் மேலே

மூன்று மாநில எல்லையில் இருக்கிற சாந்திபுரத்தில் கோவிந்தன் தக்காளி போடுகிறவன். திருப்பதிக்கு அடிக்கடி வர முடியாது. எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. முடித்த டிஸ்க்கைத் துணிப்பையில் சுற்றி, குப்பம் பக்கத்திலிருந்து வருகிற பஸ் டிரைவரிடம் கொடுத்துவிடுவான். அதே பையில் நான் அடுத்த டிஸ்க்கை வைத்து அனுப்புவேன். இதுவரை ஒன்றுகூடத் தொலைந்ததில்லை. ஒரே ஒரு தடவை, ஒரு டிஸ்க் மட்டும் வருவதற்கு அதிக நாள் ஆயிற்று. டிரைவரின் மகன் ஆடிக்கொண்டிருந்தான்.

விதியைக் கேள்விப்பட்டுக் கோவிந்தன் போன் செய்தான். பேசும்போதே லைன் அறுந்தது. மறுபடி செய்தான், மறுபடி அறுந்தது. அப்புறம் என்ன நினைத்தானோ, டிராக்டர் மேல் ஏறி நின்று, ஒரு கையில் கன்சோலைத் தூக்கிப் பிடித்து, மருமகளை விட்டு வீடியோ எடுத்து நெட்டில் போட்டுவிட்டான். அது எங்கெங்கேயோ சுற்றியது. சென்னையில் பார்த்தார்களாம், பெங்களூரில் பார்த்தார்களாம். தமிழ் தெரியாதவர்கள்கூட டிராக்டரைப் பார்த்துப் புரிந்துகொண்டார்களாம். அதில் அவன் பேசியது இவ்வளவுதான்:

"வூட்டு வாசல்ல நின்னா கர்நாடகா டவரு, கொல்லையில நின்னா தமிழ்நாடு, டிராக்டர் மேல ஏறினாதான் ஆந்திரா. கம்பெனிக்காரரே, தெனம் உனுக்கு மூஞ்சி காட்டணும்னா நான் எந்த ஸ்டேட்டுல நின்னு காட்டறது?"

ஒரே பாய்

திருச்சானூரில் ஒரு அறை எடுத்து நாலு பேர் தங்கியிருக்கிறார்கள். திருவள்ளூர் பக்கத்துப் பிள்ளைகள். ஸ்ரீசிட்டியில் ஃபேக்டரி வேலை, கம்பெனி பஸ்ஸில் போய் வருவார்கள். ஒருத்தன் ஷிஃப்ட்டுக்குப் போனால் இன்னொருத்தன் வந்து படுப்பான். கன்சோலும் அப்படித்தான், எந்நேரமும் யார் கையிலாவது இருக்கும். நாலு பேரும் சேர்ந்து காசு போட்டு வாங்கியது. புதுசுக்கும் சேர்ந்தே புக் செய்திருந்தார்கள்.

டிஸ்க் யார் பேரில் ஓடுவது என்று என் கடையில் வந்து சண்டை. அவர்களில் செல்வம் தன் பேர் என்றான். உனக்குத் தையில் கல்யாணம், மெஷினோடு மாமனார் வீட்டுக்குப் போய்விடுவாய் என்றான் ஒருத்தன். சீட்டுக் குலுக்கலாம் என்றான் இன்னொருத்தன். நாலு பேரும் நல்ல சினேகிதர்கள். அவ்வளவு கேவலமாக ஒருத்தரை ஒருத்தர் திட்டி நான் கேட்டதில்லை. கத்துவதானால் வெளியே போய்க் கத்துங்கள் என்றேன்.

வெளியே போனார்கள். டீ குடித்தார்கள். திரும்பி வரும்போது சண்டை இல்லை. புக்கிங்கை கேன்சல் செய்யப் போகிறோம் என்றான் செல்வம். ஏன் என்றேன்.

"படுக்கற பாய் ஒண்ணுதான் அங்கிள். அதுல எவனாவது பேரு எழுதி வெச்சிக்கினா படுக்கறோம்? எங்களைப் பிரிச்சி வுட்டு விக்கிற மிஷினு எங்களுக்கு வாணாம்."

எந்த தரிசனம்?

இவர்கள் நாலு பேர் கேன்சல் என்று போக, ஹேமா தன் ஆஸ்பத்திரி ஆட்களோடு போக, ஊரில் புக் செய்தவர்கள் எல்லாரும் புக்கிங் எடுத்த ஷோரூம் வாசலில் வந்து சேர்ந்துவிட்டார்கள். யாரும் கூப்பிடவில்லை. வரிசை தெரு முனை வரை போயிற்று. நான் புக் செய்யவில்லை. இருந்தாலும் நின்றேன். ஏன் நிற்கிறீர்கள் என்று யாரும் கேட்கவும் இல்லை.

ஒரு கான்ஸ்டபிள் வந்தார். தெருவில் எந்தக் கோயிலும் இல்லை, இவ்வளவு நீளமாக லைன் மட்டும் இருக்கிறது. "ஏ தர்ஷனம் லைனு இதி?" என்று கேட்டார். எந்த தரிசனமும் இல்லை, கேம் மெஷின் வேண்டாம் என்று சொல்ல நிற்கிறோம் என்றேன். வாங்க நிற்கிற கூட்டத்தைப் பார்த்திருக்கிறார். வேண்டாம் என்று சொல்ல நிற்கிற கூட்டத்தை அவர் பார்த்ததில்லை. அப்புறம் லைனைச் சுவர் ஓரமாகத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுப் போனார்.

ஷோரூம் மேனேஜர் வெளியே வந்தார். கேன்சல் எல்லாம் ஆன்லைனில்தான், இங்கே நின்று பிரயோஜனம் இல்லை, நேரம் ஆகும், கால் வலிக்கும் என்று எங்கள் மேல் அக்கறையாகப் பேசினார். ஹேமா முன்னால் நின்றிருந்தாள்.

"சார், இது திருப்பதி. லைன்ல நிக்கறதைச் சொல்லி யாரை பயமுறுத்தறீங்க?"

மேனேஜர் உள்ளே போய், கேன்சல் எழுதுகிற ஆளை அனுப்பினார்.

அந்த நாளில் இந்த மாதிரி வேறு ஊர்களிலும், வேறு தேசங்களிலும் நடந்ததாகப் பிள்ளைகள் போனில் காட்டினார்கள். கம்பெனி வாய் திறக்கவில்லை.

அளவு

ஓனர் ஒத்துக்கொண்ட கெடு இன்னும் வரவில்லை. ஆனால் அவர் வந்துவிட்டார், க்ளோக் ரூம்காரரையும் கூட்டிக்கொண்டு. டேப்பை எடுத்து என் ரேக்கின் நீளத்தை அளந்தார்கள். டிஸ்க்குகளை நகர்த்தினால் இன்னும் சரியாக அளக்கலாம் என்றார் ஓனர். நீங்களே நகர்த்துங்கள், நான் தொட மாட்டேன் என்றேன். அவரும் தொடவில்லை.

"எந்துக்கண்டி, எதுக்கு இந்தப் பிடிவாதம்? கம்பெனியோட மோதி ஜெயிக்கவா போறீங்க?" என்றார். புது மெஷின் வந்துவிட்டால் இந்த ரேக்கில் இருப்பதை வாங்க ஆள் வராது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

டேப் இன்னும் மடங்கவில்லை. செல்வம் ஓடிவந்தான், மூச்சு வாங்கியது. கம்பெனி பின்வாங்கிவிட்டதாம். டிஸ்க் பழையபடி. யாருக்கும் கொடுக்கலாம், விற்கலாம். தினமும் முகம் காட்ட வேண்டியதில்லை. போனை நீட்டினான். அதைப் படிக்க ஆரம்பித்தேன், கண்ணாடி போடவில்லை, எழுத்து கலைந்தது. சத்தமாகப் படிக்கச் சொன்னேன். படித்தான். இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். படித்தான். டேப்பை மடியுங்கள் என்று ஓனரிடம் சொன்னேன்.

ஓனர் முகம் எப்படிப் போயிற்று என்று எழுத மாட்டேன், இன்னும் அவர் கட்டடத்தில்தான் இருக்கிறேன். க்ளோக் ரூம்காரர்தான் ஆச்சரியப்பட்டார். இடம் போன வருத்தத்தைவிட, விஷயத்தை முழுசாகக் கேட்டதும் கம்பெனி மேல் வந்த கோபம்தான் அவருக்குப் பெரிசு.

"நானும் பூட்டித்தான் வெக்கறேன் சாமி. ஆனா டோக்கனை நீட்டினா சாமான் அவங்களதுன்னு குடுத்துடுவேன். டோக்கனும் அவங்ககிட்ட, சாமானும் அவங்களது, இதுல இவன் யாரு?"

பொட்டு

கேன்சல் செய்த பிள்ளைகளே மறுபடி புக் செய்தார்கள். நியாயம்தான், அவர்கள் சண்டை மெஷினோடு இல்லை. புது கன்சோல் திருச்சானூர் அறைக்கு வந்த அன்று பூஜை போட்டார்கள். வண்டிக்குப் போடுகிற மாதிரியே. எலுமிச்சம்பழம், சந்தனம், குங்குமம் எல்லாம். சாயங்காலம் செல்வம் டிஸ்க்கைக் கொண்டுவந்து கோபமாக வைத்தான். மெஷின் டிஸ்க்கைப் படிக்கவில்லை, கம்பெனிக்காரன் மறுபடி பூட்டிவிட்டான் என்றான்.

திருப்பிப் பார்த்தேன். பளபளப்பான பக்கத்தில், நடு ஓட்டையை ஒட்டி, சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம். மெஷின் எப்படிப் படிக்கும்? இந்தப் பக்கம் ஏன்டா வைத்தாய் என்றேன். அந்தப் பக்கம் படம் இருக்கிறது, அதை மறைக்க மனசு வரவில்லையாம். துடைத்து வைத்திருக்கலாமே என்றால், சாமிக்கு வைத்த பொட்டைத் தான் அழிக்க மாட்டானாம், நான்தான் அழிக்க வேண்டுமாம். ஈரத் துணியால் துடைத்துக் கொடுத்தேன். இனிமேல் டிஸ்க்குக்குப் பொட்டு வைக்காதே என்றேன். அவன் முகம் மாறிவிட்டது.

"அதெப்படி அங்கிள்? என் டிஸ்க்கு. பொட்டு வெப்பேன், மாலை போடுவேன், நடு வூட்டுல மாட்டி வெப்பேன். அதைக் கேக்க கம்பெனிக்கே ரைட்டு இல்லைன்னு ஆயிடிச்சி, நீங்க கேக்கறீங்க!"

நன்றி

போன வாரம் கம்பெனி சார்பில் ஒரு பெண் மைக்கும் கேமராமேனுமாக வந்தாள். வாடிக்கையாளர்கள் கம்பெனிக்கு நன்றி சொல்வது போல ஒரு படம் எடுக்க வேண்டுமாம். பெரிய மனசோடு முடிவை மாற்றிக்கொண்டார்கள் அல்லவா, அதற்காக. நல்ல பெண், மரியாதையாகக் கேட்டாள். என்னைக் கேட்டாள், நான் ரேக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன், துடைத்துக்கொண்டே இருந்தேன். வார லீவுக்கு வந்திருந்த முனுசாமி பக்கம் திரும்பினாள். அவர் சட்டையைச் சரிசெய்துகொண்டு, தலையை வாரிக்கொண்டு, கேமராவுக்கு நேராக வந்து நின்றார். சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன்.

"ஏம்மா, கோயில் வாசல்ல வுட்ட என் செருப்பை ஒருத்தன் மாட்டிக்கினு போயிட்டான். நாலு பேரு தொரத்தினதும் திரும்பக் கொண்டாந்து போட்டான். செருப்பை மாட்டிக்கினு நான் வூட்டுக்குப் போவேனா, அவனுக்கு மாலை வாங்கப் போவேனா?"

கம்பெனி பயந்து பணிந்ததா, இல்லை வேறு பூட்டு செய்து எடுத்துவரப் போயிருக்கிறதா என்பது எனக்குத் தெரியாது. எதுவானாலும் கடை திறந்துதான் இருக்கிறது, வந்து பார்க்கட்டும்.