குகட்பள்ளியில் ஒரு படகு பழுது

என் கணவர் கடலில் கால் நனைத்தது ஒரே ஒரு முறை. மெரினாவில், பேண்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு.

ஆனால் உலகம் சுற்றும் பாய்மரப் படகுக்காரர்களின் இணைய மன்றத்தில் அவர்தான் வைத்தியர். யார் படகில் பேட்டரி இறங்கினாலும், பம்பு மக்கர் செய்தாலும், ஹைதராபாத் குகட்பள்ளியிலிருந்து மருந்து போகும்.

எங்கள் மொட்டைமாடித் தொட்டி மூன்று நாளாக வழிகிறது. நிரம்பியதும் மோட்டாரை நிறுத்த வேண்டிய ஃப்ளோட் ஸ்விட்ச் சிக்கிக்கொண்டிருக்கிறது.

"ஏங்க, கீழ்வீட்டு ஆன்ட்டி 'நீள்ளு, நீள்ளு'ன்னு தெலுங்குல கத்தறாங்க. தண்ணி கொட்டி, காயப்போட்ட துணியெல்லாம் நனைஞ்சுபோச்சாம்."

"நாளைக்குப் பாக்கறேன்மா. பாவம், பசிபிக்ல ஒருத்தன் படகுல தண்ணி ஏறுது."

இன்று மதியம் ஆபீஸிலிருந்து, வேறு பெயரில், அதே மன்றத்தில் எழுதினேன். என் படகில் ஃப்ளோட் ஸ்விட்ச் சிக்கி, பம்பு நிற்கவே மாட்டேன் என்கிறது. கேப்டன் மூன்று நாளாக 'நாளைக்கு' என்கிறார்.

பத்தே நிமிடத்தில் அவர் கேட்டார்: "படகு எத்தனை அடி?"

முப்பது என்றேன். வீட்டு அளவு அதுதான்.

மெயினை அணையுங்கள், ஃப்ளோட்டைக் கையால் தூக்கிப் பாருங்கள், பாசியைத் தேய்த்துக் கழுவுங்கள் என்று விவரமாகப் பதில் வந்தது. கடைசி வரி: "இப்படிப்பட்ட கேப்டனை நம்பிக் கடலுக்குப் போகாதீர்கள்."

நான் அவரோடு புறப்பட்டுப் பதினோரு வருடம் ஆகிறது.

சாயங்காலம் அதைப் பிரிண்ட் எடுத்துக் காபியோடு நீட்டினேன். கேப்டன் இப்போது பழைய டூத் பிரஷ்ஷோடு மொட்டைமாடியில் இருக்கிறார்.

ஹாலில் ஃபேன் வேறு சத்தம் போடுகிறது. ஹெலிகாப்டர் வைத்திருப்பவர்களுக்கு மன்றம் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.