பல்புக்கு வைத்த பொட்டு

சூடான கண்ணாடியில் ஈரச் சந்தனம் பட்டுக் கருகுகிற வாசனையை நீங்கள் அறிந்திருக்க மாட்டீர்கள். நான் கோவிலுக்குத் தவறாமல் போகிறவள்தான். என்றாலும் அந்த வாசனையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

முப்பதுகளின் கடைசி, எனக்கு ஒன்பது வயது. தெற்கு மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் பெரியப்பா குடும்பமும் நாங்களும் ஒரே வீட்டில் இருந்தோம். அந்த வருஷம்தான் வீட்டுக்குக் கரண்டு வந்தது. வீடு முழுவதற்கும் ஒரே ஒரு பல்பு, கூடத்தில் சாமி மாடத்துக்கு முன்னால், முக்காலியில் ஏறினால் எட்டுகிற உயரத்தில் தொங்கியது. பெரியம்மா அதை "குண்டு வெளக்கு" என்பாள். தினமும் அந்தியில் அம்மா சுவிட்சைப் போட்டுவிட்டுக் குத்துவிளக்கை ஏற்றுவாள். வெள்ளிக்கிழமைகளில் பூசை முடிந்ததும் பெரியம்மா முக்காலியில் ஏறி, எரிந்துகொண்டிருக்கிற பல்புக்கு ஈரச் சந்தனத்தை அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்து, மகாலட்சுமியே என்று கும்பிடுவாள்.

முதல் பல்பு ஒரு மாதம் தாங்கவில்லை. "டிக்" என்று ஒரு சத்தம், பளிச்சென்று ஒரு வெட்டு, உள்ளே வெள்ளையாகப் புகை படிந்து அணைந்து போயிற்று. இரண்டாவதும் ஒரு வெள்ளிக்கிழமைதான் போனது. பெரியம்மா முக்காலியிலிருந்து இறங்கக்கூட இல்லை. நின்ற இடத்திலிருந்தே அம்மாவைப் பிடித்துக்கொண்டாள்.

"சமயநல்லூர்ல அரிக்கேன் வெளிச்சத்துல வளந்தவளுக்குக் கரண்டு எப்படித் தங்கும்? ராசியில்லாத கை. இனிமே சுவிச்சையும் தொடாதே, சாமி வெளக்கையும் தொடாதே."

"சாமி வெளக்குமா அக்கா?" என்றாள் அம்மா.

சுவிட்சு போனால் போகட்டும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தக் குத்துவிளக்கை ஏற்றாமல் அம்மா இராச்சோறு உண்டதில்லை. அவளை அடுப்படி வாசலோடு நிறுத்திவிட்டார்கள். அப்பா தன் அண்ணியை எதிர்த்து வாய் திறக்கவில்லை. அதையும் நான் மறக்கவில்லை.

மூன்றாவது பல்புக்குச் சுவிட்சு போடுகிற வேலை எனக்கு வந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை, பெரியம்மா சந்தனம் வைத்த கையோடு, மறுபடியும் "டிக்". அம்மா பக்கத்திலேயே இல்லை. அதற்கும் பெரியம்மாவிடம் பதில் இருந்தது: "அவ பெத்ததுதானே இது!"

மறுநாள் ஒயர்மேன் வந்து பல்பைக் கழற்றி, வாசல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பொட்டுக்கு அடியிலிருந்து மயிரிழைபோல ஒரு விரிசல் ஓடியிருந்தது.

"யாருண்ணே இதுக்கு இம்புட்டுச் சந்தனம் அப்புனது? பல்புக்கு என்ன வளைகாப்பா?" என்று பெரியப்பாவைக் கேட்டார். "அரிக்கேன் சிம்னி சூட்டுல தண்ணி பட்டாத் தெறிக்குமில்ல, அதே கதைதான். எரியுறப்ப ஈரம் பட்டாக் கண்ணாடி விரியும், காத்து உள்ள போயி கம்பி பொசுங்கிரும். அணைச்சு, ஆறவிட்டு, காஞ்ச துணியால தொடைங்க. எரியுறப்ப ஆட்டாதீக. ஹோல்டர்ல ஆடாம மாட்டுங்க. அம்புட்டுத்தான்."

அரிக்கேன் வெளிச்சத்தில் வளர்ந்த அம்மாவுக்குச் சிம்னி தெறிக்கும் என்று தெரியாதா? அவளைப் பேச விட்டது யார்?

எல்லோரும் பெரியம்மாவைப் பார்த்தோம். "சாமிக்கு வச்சது குத்தமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அப்பாதான் தயங்கித் தயங்கி, "இன்னைக்கு நீயே வெளக்கேத்து" என்றார்.

"ராசியான கையாப் பாத்து ஏத்திக்கங்க" என்றாள் அம்மா.

அதற்குப் பிறகு சாகும்வரை அந்தக் குத்துவிளக்கை அவள் தொடவில்லை. அடுப்படி மூலையில் ஓர் அகல் வைத்து, அதன் முன்னால் தனியாக நின்று கும்பிட்டாள். மீனாட்சி எந்தக் காலத்திலும் கொதிக்கிற கண்ணாடியில் சந்தனம் கேட்டதில்லை. சாமி பெயரைச் சொல்லி இன்னொருத்தி கையை ஒடிக்கிறவர்களுக்கு அது தெரியப்போவதும் இல்லை.

இன்று அந்தச் சந்தில் அந்த வீடு இல்லை. நுனியில் முள்போல நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் காலத்துப் பல்பும் கடைகளில் இல்லை. என் வீட்டில் பல்பின் பக்கம் ஈரக்கையோடு யாரையும் நான் விடுவதில்லை. வருஷாவருஷம் அம்மாவுக்காகக் கோவிலில் மோட்ச தீபம் போடுகிறேன். வேறு யார் பெயராவது சேர்க்க வேண்டுமா என்று பட்டர் கேட்பார். பெரியம்மாவும் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. இல்லை என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன்.