ஒன்றாம் எண்ணில் ஒரு பொட்டு

சுதர்ஷினி அக்காவின் படகில், எஞ்சின் மூடிக்குப் பக்கத்தில் வட்டமான சுவிட்ச் ஒன்று இருக்கிறது. ஒன்று, இரண்டு, இரண்டும் சேர்ந்து, நிறுத்தம் என்று அதற்கு நான்கு நிலைகள். ஒன்றாம் எண்ணின் மேல் மட்டும் குங்குமம் காய்ந்திருந்தது. ஊர் ஊராகச் சுற்றி வந்த நான், எந்தத் துறையிலும் படகு சுவிட்சுக்குப் பொட்டு வைத்துப் பார்த்ததில்லை. கேட்டேன்.

அக்கா முன்பு தேயிலைக் கொழுந்து பறித்தவர். கணவர் கொழும்புக்கு வேலைக்குப் போனதும் படகைத் தானே எடுத்து, காசல்ரீ நீர்த்தேக்கத்தில் தோட்டத்து ஆட்களை அக்கரைக்கு ஏற்றிப்போகத் தொடங்கினார். படகில் இரண்டு பேட்டரிகள். ஒன்றாம் எண் எஞ்சினை ஸ்டார்ட் செய்ய, இரண்டாம் எண் விளக்குக்கும் பாட்டுப் பெட்டிக்கும். எஞ்சின் ஓடும்போது இரண்டையும் சேர்த்துவிட்டால் இரண்டும் சார்ஜ் ஆகும். எஞ்சின் நின்றால் உடனே பிரித்துவிட வேண்டும்.

திருவிழாவில் அம்மன் படகில்தான் அக்கரை போகும். நடுத்தண்ணீரில் எஞ்சினை நிறுத்திப் பூசை செய்வது வழக்கம். போன வருடம் அக்கா சுவிட்சைப் பிரிக்க மறந்துவிட்டார். சீரியல் பல்புகளும் பாட்டும் இரண்டு பேட்டரிகளையும் குடித்துவிட்டன. அம்மனைத் துடுப்புப் போட்டுத்தான் கரை சேர்த்தார்கள். பொம்பளை ஓட்டியது அம்மனுக்குப் பிடிக்கவில்லை என்று பேச்சு வந்தது. கோயில் தலைவர் முத்துலிங்கம் இந்த வருடமும் அம்மனை ஏற்றிப்போகும் வேலையை அக்காவுக்கே கொடுத்தார், ஆனால் இன்னொரு தடவை நின்றால் துறையின் இன்னொரு படகோட்டி விஜிதரன்தான் ஓட்டுவான் என்று சொல்லியே கொடுத்தார்.

இந்தத் தடவை எஞ்சினை நிறுத்தியதுமே அக்கா சுவிட்சை இரண்டுக்குத் திருப்பிவிட்டார். பூசை நீண்டது. விளக்குகள் சிவந்து மங்கின.

"மத்த பேட்டரியையும் குடு, தங்கச்சி. அம்மா இருட்டுல இருக்காங்க."

"தர மாட்டேங்க தலைவரே. அது கரைக்குப் போறதுக்கு."

"சாமிக்கு இல்லாத பேட்டரி எதுக்குப் புள்ள?"

"சாமியத் துடுப்புல கொண்டுபோறதுக்கு ஒங்களுக்குத் தெம்பு இருக்குங்களா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். பல்புகள் அணைந்தன, பாட்டும் இழுத்து நின்றது. பூசாரி கையிலிருந்த எண்ணெய் விளக்கு மட்டும் எரிந்தது. எல்லோரும் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அக்கா சுவிட்சை ஒன்றுக்குத் திருப்பிச் சாவியைப் போட்டார். எஞ்சின் முதல் தடவையிலேயே பிடித்தது. பிறகு இரண்டையும் சேர்த்தார். கொஞ்ச நேரத்தில் அம்மனைச் சுற்றிப் பல்புகள் திரும்ப எரிந்தன.

கரையில் இறங்கும்போது முத்துலிங்கம் சுவிட்சுக்குப் பக்கத்தில் வந்தாராம். குனிந்து, எது ஸ்டார்ட் பண்ணுகிற பேட்டரி என்று மட்டும் கேட்டாராம். அக்கா ஒன்றாம் எண்ணை விரலால் காட்டியிருக்கிறார். தட்டிலிருந்த குங்குமத்தைத் தொட்டு அங்கே வைத்துவிட்டுப் போனாராம்.

"இப்ப அதத் தொடைக்கவும் முடியாது," என்றார் அக்கா. "நம்பர் தெரியாட்டியும் பரவாயில்ல, பொட்டு தெரியும்."